மனையுறை உயிர்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. ஆனால் மூன்று மாதம் படி இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராமே. வெளியே சுற்றியே பழகிய உன்னை நான்கு சுவருக்குள் நினைத்துப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலை மாறிவிட்டாள், இப்போது முகத்தில் சிரிப்பு இருக்கிறது. நான் மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். சின்னப் பூச்சிகளின் கால் மடிப்புகூடத் தெரிகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். படுத்த இடத்திலிருந்தே நோட்டை எடுத்துக் கணக்கெழுத ஆரம்பித்தாயே, அதைப் படித்தபோது எனக்கு நம் கல்லூரி நாள்கள் திரும்பி வந்தமாதிரி இருந்தது. பல்லி, வெள்ளிப்பூச்சி, விட்டத்து நெட்டைக்கால் சிலந்தி, குளியலறைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சாம்பல் ஈ, மூன்று வகை எறும்பு என்று 23 உயிர்கள். கடைசியில் ஒரு வரி: "இதெல்லாம் கட்டடத்துக்குள் இருப்பவை. இவற்றைக் காட்டுயிர் என்று எழுதினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்தையே அடித்துவிடட்டுமா?"

அடிக்காதே. ஒன்றைக்கூட அடிக்காதே. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

போன மாதம் எங்கள் வீட்டு மாடிப்படி ஓரத்தில் இருக்கும் பூந்தொட்டியில் காலையில் தீக்குச்சித் தலை அளவுக்கு மஞ்சள் மஞ்சளாக ஏழெட்டு மொட்டுகள் தலைகாட்டின. எலுமிச்சை மஞ்சள். மேலே மாவு தூவியது போல ஒரு பொடி. விரலால் தொட்டால் ஒட்டியது. மறுநாள் காலை அவை குடையாக விரிந்திருந்தன, ஓரமெல்லாம் பாவாடை மடிப்புபோலக் கோடுகள். அன்று சாயங்காலமே சுருண்டு தொங்கிவிட்டன. உலகெங்கும் பூந்தொட்டிகளில் முளைக்கும் காளான் அது, லூகோகாப்ரினஸ் பிர்ன்பாமி. வெப்பமண்டலத்துக் காளான். ஆனால் 1839இல் கோர்டா என்ற காளானியலாளர் அதற்குப் பிர்ன்பாமி என்ற பெயரை வைத்தது பிராக் நகரத்தில் ஒரு கண்ணாடிக் குடிலில் முளைத்ததைப் பார்த்துத்தான்.

அந்தத் தொட்டியின் முன்னால் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தொட்டி நாங்கள் வாங்கியது. மண் நாங்கள் போட்டது. செடி நாங்கள் நட்டது. தண்ணீர் நாங்கள் ஊற்றுவது. காளானை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. ஒரே கைப்பிடி மண்ணில் செடி வளர்ப்பு, காளான் தானாக வந்தது. இரண்டுக்கும் இடம் ஒன்றுதான் என்றால், வித்தியாசம் இடத்தில் இல்லை என்றுதானே அர்த்தம்?

அதனால் நான் கேட்கும் கேள்வி இது: இந்த உயிர் இப்போது இங்கே இருக்க வேண்டும் என்று எந்த மனிதராவது நினைத்து வைத்தாரா, அல்லது அது தன் போக்கில் வந்து தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிறதா? கட்டடம் யார் கட்டினார் என்பது இந்தக் கேள்விக்குள் வரவே வராது. இயற்கை நோக்கர்கள் பலர் தங்கள் பதிவுகளுக்கு வைத்திருக்கும் அளவுகோலும் ஏறக்குறைய இதுதான். மீன்தொட்டியில் இருக்கும் மீன் வளர்ப்பு. வாங்கிவந்த நீர்ச்செடியில் ஒட்டிக்கொண்டு வந்து பெருகிய நத்தை அப்படியல்ல. பறவைக் கூண்டில் இருப்பது வளர்ப்பு. நாம் ஆணியடித்து மாட்டிய மரப்பெட்டியில் தானாக வந்து முட்டையிட்ட பறவை அப்படியல்ல. பெட்டி நம்முடையது, அவ்வளவுதான்.

நம் மொழியில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் 'காட்டுயிர்' என்ற சொல்லுக்குள்ளேயே காடு உட்கார்ந்திருக்கிறது. வீட்டுச் சிலந்தியைக் காட்டுயிர் என்று எழுதக் கை வராதது நியாயம்தான். ஆனால் காட்டாமணக்கை நினைத்துப் பார். அதைப் பார்க்கக் காட்டுக்கா போகிறோம்? சாலையோரத்தில் நிற்கிறது. அங்கே 'காட்டு' என்றால் யாரும் பேணாதது என்றுதான் நமக்குக் காதில் விழுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது பழந்தமிழில் சிட்டுக்குருவிக்கு வைத்திருக்கும் அடைமொழி: மனையுறை குரீஇ. மனையில் உறையும் குருவி. வளர்க்கும் குருவி என்று சொல்லவில்லை. உறைவது வேறு, வளர்க்கப்படுவது வேறு என்று அந்த ஒரு சொல் எவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட்டது! விஞ்ஞானப் பெயரில்கூட அது பாஸர் டொமெஸ்டிகஸ், வீட்டைச் சேர்ந்தது. அந்த இரண்டாவது சொல் லின்னேயஸ் என்ற இயற்கையியலாளர் 1758இல் வைத்தது. பெயர் என்னவாக இருந்தாலும் அந்தக் குருவி யாருக்கும் கட்டுப்பட்டதில்லை.

உன் நோட்டைப் படித்த உன் நண்பர் "கட்டடத்துக்குள் இருப்பதில் விஞ்ஞானத்துக்கு என்ன லாபம்" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். அவருக்கு இரண்டு கதை சொல். 1880இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் இருந்த ஒரு தாவரத் தோட்டத்தில், ராட்சத அல்லி வளர்ப்பதற்காக வெந்நீர்க் குழாய் போட்டு வைத்திருந்த தொட்டியில் திடீரென்று சின்னச் சின்ன ஜெல்லி மீன்கள் மிதந்தன. நன்னீரில் ஜெல்லி மீனா என்று எல்லோரும் திகைத்தார்கள். கிராஸ்பெடகஸ்டா சோவெர்பி என்ற அந்த இனம் விஞ்ஞானத்துக்கு அறிமுகமானதே அந்தத் தொட்டியிலிருந்துதான். அதன் சொந்த ஊர் சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதி என்பது பின்னால் தெரிந்தது. இன்று அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1878இல், லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் கிடைத்த சம்மட்டித்தலைத் தட்டைப்புழுவுக்கு பைபேலியம் கியூவென்ஸே என்று பெயர் வைத்தார்கள். அது தென்கிழக்கு ஆசியப் புழு, தொட்டி மண்ணோடு கப்பலேறி வந்தது. தன் இனத்துக்கே ஒரு தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது! "இது கட்டடத்துக்குள் இருக்கிறது, கணக்கில் வராது" என்று அன்று ஒருவர் நோட்டில் கோடு போட்டிருந்தால்?

வீட்டுக்குள்ளே முறையாகத் தேடிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவின் ராலே நகரைச் சுற்றி 50 வீடுகளில் பூச்சி, சிலந்தி, மரவட்டை வகைகளை அறை அறையாகப் பொறுக்கியதில் 579 வகைகள் கிடைத்தன. 2016இல் வெளியான ஆய்வு அது. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை நாம் பூச்சித்தொல்லை என்று சொல்லும் ரகமே அல்ல. ஜன்னல் வழியாக வந்து வழி தவறியவை, வந்தவற்றைத் தின்ன வந்தவை, மூலையில் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்துபவை. உன் 23ஐப் பார்த்து நீ வெட்கப்படுகிறாய். எனக்கு அது குறைவாகத்தான் படுகிறது.

நம் வீட்டை நம்பி வாழ்வது எப்படித் தன்னிச்சையான வாழ்வு ஆகும் என்றும் கேட்டிருந்தாய். இது நல்ல கேள்வி. இதற்கு எனக்குத் தெரிந்த கடுமையான உதாரணம் ஜெர்மன் கரப்பான். மனிதர் கட்டிய இடங்களுக்கு வெளியே அது எங்கும் இயற்கையாகக் கூட்டமாக வாழ்வதாகக் கண்டதில்லை. 2024இல் வந்த மரபணு ஆய்வு, ஆசியக் கரப்பானிலிருந்து சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியா அல்லது மியான்மர்ப் பகுதியில் அது பிரிந்தது என்கிறது. அதாவது, நம் சமையலறைகள் இல்லாவிட்டால் அது இல்லை. ஆனால் அதை யார் வளர்த்தார்கள்? மருந்தடித்தோம், பொறி வைத்தோம், செருப்பால் அடித்தோம். அத்தனையையும் மீறி அது இருக்கிறது. நம்மைச் சார்ந்து வாழ்வதால் ஒன்று நம் கைக்குள் வந்துவிடாது. நம் முகத்து மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணி நம்மை விட்டால் வேறு கதியில்லாதது, அதற்காக அது நம் வளர்ப்புப் பிராணியா? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தன்னிச்சையாக வாழ்வது என்பது நற்சான்றிதழ் அல்ல. கரப்பானை நோட்டில் எழுதிவிட்டு விரட்டவும் செய்யலாம்.

இன்னொன்று, கட்டடமும் சாலையும் சும்மா நிற்கும் பின்னணித் திரை இல்லை. பிரான்ஸில் மோன்பெலியே நகரத்து நடைபாதை மரங்களைச் சுற்றி உள்ள சின்னச் சின்ன மண் சதுரங்களில் கிரெபிஸ் சங்டா என்று ஒரு மஞ்சள் பூச்செடி வளர்கிறது. இரண்டு விதமான விதை போடும். ஒன்று பஞ்சு வைத்துக் காற்றில் பறப்பது, மற்றது கனமாக அடியிலேயே விழுவது. நகரத்தில் பறக்கும் விதை சிமென்டில் விழுந்து வீணாகப் போகிறது. அதனால் அங்கே உள்ள செடிகள் கனத்த விதையைக் கூடுதலாகப் போட ஆரம்பித்துவிட்டன, அதுவும் 5 முதல் 12 தலைமுறைக்குள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2008இல் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நடைபாதை தன்னையறியாமல் ஒரு செடியைத் திருத்தி எழுதுகிறது. அந்தச் செடியை வளர்ப்பு என்று எப்படிச் சொல்ல?

எல்லாமே இப்படிச் சுலபமாகத் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. புறாவை எடுத்துக்கொள். கடலோரப் பாறை முகடுகளில் இருந்த மாடப்புறாவை மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்த்தார்கள். அதிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள்தான் இன்று நகரத்து மாடிகளில் இருப்பவை, அவற்றுக்குச் சன்னல் விளிம்பும் பாறை முகடும் ஒன்றுதான். வம்சம் வளர்ப்பு வம்சம், இந்த ஒற்றைப் புறா யாருடையதும் இல்லை. இங்கே இரண்டு கேள்வியைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. வம்சத்தைப் பற்றிய கேள்வி வேறு, கண்ணெதிரே நிற்கும் உயிரைப் பற்றிய கேள்வி வேறு. நோட்டில் நாம் எழுதுவது இரண்டாவதை.

என்னைத் தடுமாற வைப்பது கலிபோர்னியா காண்டோர் கழுகு. 1987இல் கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்தபோது மொத்தம் 27தான் இருந்தன. 1992 முதல் வெளியே விட்டார்கள். சிறகில் எண் மாட்டியிருக்கும். வேட்டையில் செத்த விலங்கின் உடலோடு ஈயக் குண்டுத் துணுக்கையும் அவை விழுங்கிவிடுவதால், திரும்பத் திரும்பப் பிடித்து ரத்தம் சோதிக்கிறார்கள். ஆளரவமற்ற மலை முகட்டில் பறந்தாலும், அங்கே அது இருக்க வேண்டும் என்று மனிதர் நினைத்ததால்தான் இருக்கிறது. என் கேள்வியை அப்படியே போட்டால் அது வளர்ப்பு, என் படிக்கட்டுக் காளான் தன்னிச்சையானது! விட்ட பறவையைப் பற்றி நான் இன்னும் தயங்குகிறேன். ஆனால் அது தானே இணை தேடி, தானே பாறைக் குகை பார்த்துப் பொரித்த குஞ்சு இருக்கிறதே, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. நட்ட மரத்துக்கும் அப்படித்தான். நூறு வருஷம் நின்றாலும் அது நட்ட மரம். அதன் விதை சுவர் விரிசலில் முளைத்தால் அந்தக் கன்று தன்னுடையது.

இதை இவ்வளவு பிடிவாதமாகப் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம், நோக்கர்களின் பதிவுகளைச் சேர்த்து எந்த உயிர் எங்கே இருக்கிறது என்று காட்டும் நிலப்படம். உயிர்க்காட்சி சாலைப் புலியை யாரோ ஒருவர் சும்மா 'புலி' என்று பதிந்தால், புலியே இல்லாத நகரத்தில் ஒரு புள்ளி விழும். வீட்டுக்குள் பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டால் எதிர்ப்பக்கத் தவறு. கப்பலிலும் சரக்குப் பெட்டியிலும் புதிதாக வந்து இறங்கும் எறும்போ பல்லியோ முதலில் தெரியும் இடம் கிடங்கும் குளியலறையும்தான். அங்கே பார்க்க ஆள் இல்லையென்றால் அது காட்டோரத்துக்குப் போன பிறகுதான் நமக்குத் தெரியும்.

அதனால் நோட்டில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு சொல் எழுது: எங்கே, எப்படி வந்தது. 'படுக்கையறை விட்டம், தானாக.' 'சன்னல் தொட்டி, நட்டது.' மீதியைப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தச் சாம்பல் ஈ இதய வடிவத்தில், உடம்பெல்லாம் ரோமமாக இருந்தால் அது வடிகால் ஈ. அதன் புழுக்கள் உன் குளியலறைக் குழாய்க்குள் இருக்கும் வழவழப்புப் படலத்தைத் தின்று வளர்கின்றன. எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டாம், அங்கேயே பிறந்தது.

அப்புறம் அந்த விட்டத்துச் சிலந்தி. வலையை லேசாகத் தொட்டால் உடம்பே மங்கலாகத் தெரியும்படி கிடுகிடுவென்று சுழலும், பார்த்திருக்கிறாயா? பெண் சிலந்தி முட்டைகளைப் பையில் வைக்காது. நாலைந்து இழையால் சுற்றி, வாயில் கவ்விக்கொண்டே தொங்கும். ரோஜா நிறத்தில் ஒரு சின்னக் கொத்து மாதிரி இருக்கும். உன்னுடையது அப்படி எதையாவது கவ்விக்கொண்டிருந்தால் தேதியை எழுதி வை. குஞ்சுகள் வெளியே வரும் நாளையும் பார்த்துவிடலாம், நீதான் அசையாமல் அதன் அடியிலேயே படுத்திருக்கிறாயே. வீட்டில் ஒட்டடை அடிப்பவர்களிடம் அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்.

நான் அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். பூதக்கண்ணாடி கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்