முதல் தொகுப்பைத் திருப்பி அனுப்பும் முன்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். 11 அறிவியல் சிறுகதைகளை என் முதல் புத்தகமாகக் கொண்டுவர இரண்டு ஆண்டுகளாக முயல்கிறேன். போன இடமெல்லாம் ஒரே பதில்தான்: "கதைகள் நன்றாக இருக்கின்றன. முதலில் ஒரு நாவல் எழுதுங்கள், பெயர் வரட்டும், அப்புறம் தொகுப்பைப் பார்க்கலாம்." உங்கள் விற்பனைக் கவலை புரிகிறது, பணம் போடுவது நீங்கள்தான். ஆனால் அறிவியல் புனைகதைக்கு இந்த வரிசை பொருந்தாது.

இது இதழ்களில், சிறுகதையாக வளர்ந்த எழுத்து. இதற்கென்றே ஓர் இதழை ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் அமெரிக்காவில் தொடங்கினார். அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி இதழ்களில் எழுதிய, செவ்வாய்க் கோள் பற்றிய கதைகளைக் கோத்துத்தான் 1950இல் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது. இன்னோர் அமெரிக்க எழுத்தாளரான டெட் சியாங்கின் முதல் புத்தகம் 2002இல் வெளியானது, அதில் எட்டே கதைகள். அவற்றில் ஒன்று 2016இல் திரைப்படமானது. நாவல் வெளியிடாமலேயே அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு அதிகம் வலித்தது இதுதான். என் ஏழாவது கதையில் அம்மா செவ்வாயில் இருக்கிறாள், மகள் பூமியில். செவ்வாயிலிருந்து வானொலி அலை இங்கே வந்து சேர, கோள்களின் தூரத்தைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். "அம்மா, எப்ப வருவ?" என்று மகள் கேட்டால், பதிலுக்கு முக்கால் மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவள் அழுது முடித்து, முகம் கழுவி, தூங்கியே போகிறாள். பதில் வரும்போது அறையில் கேட்க யாரும் விழித்திருக்கவில்லை. கதையே அந்தக் காத்திருப்புதான். திரும்பி வந்த பிரதியில் அந்த இடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "அம்மா உடனே பதில் சொல்லட்டும். விறுவிறுப்பு கூடும்."

திருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கடுமையாகவே திருத்துங்கள். மூன்று கதைகளை நீக்கச் சொன்னாலும் உட்கார்ந்து பேசத் தயார். ஆனால் இத்தகைய பிரதி உங்கள் மேசைக்கு வரும்போது, இலக்கியம் தெரிந்த ஒருவரோடு அறிவியல் தெரிந்த ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். நாவல் கேட்பதற்கு முன் ஒரு கதையையாவது கடைசி வரி வரை படியுங்கள்.

என் பிரதியை மறுபடியும் அனுப்புகிறேன். ஏழாவது கதையிலிருந்து தொடங்குங்கள். பென்சில் குறிப்பை அழிக்கவில்லை, மகளும் இன்னும் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
முதல் புத்தகம் இன்னும் வராத ஓர் எழுத்தாளர்