படையில் சேர எண்ணும் மகளுக்கு

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

கனேடியப் படையில், அதுவும் காலாட்படையில், சேர விண்ணப்பிக்கப் போவதாக நீ எழுதியதை அப்பாவும் நானும் வாசித்தோம். அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. மாமிதான், "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்த வேலை" என்று கேட்டார். வன்னியில் இவ்வளவு காலம் இருந்த ஒருவருக்கு அந்தக் கேள்வி எப்படி வந்ததோ எனக்கு விளங்கவில்லை.

1987 ஒக்டோபர் 10 அன்று கோப்பாயில் இந்தியப் படையுடனான மோதலில் விடுதலைப் புலிகள் இயக்கப் போராளி மாலதி உயிரிழந்ததும், பின்னர் அவர் பெயரிலும் இன்னொரு பெண் போராளியான சோதியாவின் பெயரிலும் இயக்கத்தில் பெண்களின் படையணிகள் உருவானதும், 2000ஆம் ஆண்டு ஆனையிறவுச் சமரில் பெண்கள் முன்னரங்கில் நின்றதும் நீ பள்ளிக்கூடத்தில் படிக்காதவை. உன் அக்காமார் வயதுப் பெண்கள் வாழ்ந்து தீர்த்தவை. நீ இப்போது இருக்கும் நாட்டிலோ, 1989இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகுதான், நீர்மூழ்கிக் கப்பல் நீங்கலாக, எல்லாப் போர்ப் பணிகளும் பெண்களுக்குத் திறந்தன. பீரங்கிப் படை அதிகாரியான கப்டன் நிக்கோலா கோடார்ட் 2006 மே 17 அன்று ஆப்கானிஸ்தானில் சண்டையில் கொல்லப்பட்டார். போர்ப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஜெனி கரினியோன் 2024இல் முழுப் படைக்கும் தலைமைத் தளபதியானார். ஆகவே, உன்னால் முடியுமா என்று நான் கேட்கப் போவதில்லை.

உடல் வலிமை பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அமெரிக்க மரீன் படை 2015இல் வெளியிட்ட பரிசோதனை முடிவில், ஆண்கள் மட்டும் இருந்த அணிகள் 134 பணிகளில் 93இல் கலப்பு அணிகளை விஞ்சியிருந்தன; பெண்களுக்குக் காயங்களும் கூடுதலாக ஏற்பட்டிருந்தன. சராசரியைக் காட்டித் தனி ஒருத்தியை மறிப்பது நியாயமில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைத்து, தேறியவரை எடுப்பதே சரி. உங்கள் நாட்டுச் சோதனை அப்படித்தான் இருக்கிறது: ஆணென்றாலும் பெண்ணென்றாலும் 20 கிலோ மணல் மூட்டையை 30 தடவை தூக்க வேண்டும். (பங்கர் வெட்டி மண்மூட்டை அடுக்கிய எங்களுக்கு அதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.) ஆனால் காயம் என்ற சொல்லை நீ இலேசாகத் தாண்டிவிடாதே, பள்ளிக் காலத்திலேயே உன் முழங்கால் வீங்கியதை நான் மறக்கவில்லை.

எனக்கு உறுத்துவது சண்டை அல்ல, அதன் பின்னால் வருவது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு, அரசின் தடுப்பு முகாம்களிலும் புனர்வாழ்வு முகாம்களிலும் இருந்துவிட்டு வந்த முன்னாள் போராளிப் பெண்களை இந்த ஊர்கள் எப்படி வரவேற்றன என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பீரங்கியை இயக்கத் தெரிந்தவர்களுக்குத் தையலும் மணப்பெண் அலங்காரமும் கற்பித்து அனுப்பினார்கள். அவர்கள் களத்தில் நின்றபோது பெருமை பேசிய அதே வாய்கள், பெண் கேட்டு வந்த இடத்தில் "அவள் இயக்கத்தில் இருந்தவள், தடுப்பில் என்ன நடந்ததோ" என்று முணுமுணுத்தன. ஒரு காலை இழந்தவளுக்கு வரன் பார்ப்பது ஒருபுறமிருக்க, விசாரணைக்கு யார் எப்போது வருவார்கள் என்று அஞ்சி அக்கம்பக்கத்தார் அவள் வீட்டுப் படலையைத் திறக்கவே தயங்கினார்கள். அவர்களில் சிலர் பிறகு முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார்கள். துவக்கு ஏந்தும் உரிமையைப் பெண்ணுக்குக் கொடுத்த சமூகம், துவக்கை வைத்துவிட்டு வந்தவளுக்கு ஓர் இடத்தை ஒதுக்கி வைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். இயக்கத்துக்குத் தாமாக விரும்பிப் போனவர்களோடு, போரின் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்தால் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். அதற்குப் பயந்து பதினாறு பதினேழு வயதில் கலியாணம் செய்து வைக்கப்பட்ட சிறுமிகளை நீயும் அறிவாய். அவர்களையும் சேர்த்துச் 'சமத்துவம்' என்று பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. நீ யாரும் வற்புறுத்தாமல் உன் விருப்பத்தில் போகிறாய் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

அங்கேயும் எல்லாம் சீராக இல்லை. 2015இல் முன்னாள் நீதிபதி மரி டெஷாம், கனேடியப் படைக்குள் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தல் பரவலாக இருப்பதாகவும் முறையிடப் பலர் அஞ்சுவதாகவும் அறிக்கை எழுதினார். ஏழு ஆண்டுகள் கழித்து, இன்னொரு முன்னாள் நீதிபதி லூயிஸ் ஆர்பர், அத்தகைய குற்றங்களைப் படையின் கையிலிருந்து எடுத்துப் படைக்கு வெளியேயுள்ள பொது நீதிமன்றங்களிடம் கொடுக்கச் சொன்னார். எதிரியின் குண்டுக்கு ஆயத்தமாவதைவிடத் தன் அணியில் நிற்பவனுக்குப் பயந்துகொண்டிருப்பது கொடியது. ஆகையால், ஆட்சேர்ப்பு அதிகாரியிடம் சம்பளத்தையும் பயிற்சியையும் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதே. முறைப்பாட்டை உன் மேலதிகாரியைத் தாண்டி எங்கே கொடுக்கலாம், அங்கமிழந்தால் எந்தக் காலம்வரை பராமரிப்பார்கள், முதல் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் விலக முடியுமா என்று கேள். முடிந்தால் படையிலிருந்து விலகிய ஒரு பெண்ணோடு, அதிகாரிகள் இல்லாத இடத்தில், ஒரு மணி நேரம் பேசு. அந்தப் பதில்களை எனக்கு எழுது. கையொப்பத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா