அட்டவணை இருக்கட்டும், பசியைப் பார்

கண்ணம்மா,

மரத்தை அழுகவைக்கும் பூஞ்சையையும் நன்னீர் பாக்டீரியாவையும் அட்டவணை போட்டு ஒப்பிட்டு நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். ஒன்றுக்கு உட்கரு உண்டு, மற்றதற்கு இல்லை, செல்சுவர் இங்கே கைட்டின் அங்கே பெப்டிடோகிளைக்கான், டி.என்.ஏ. இங்கே சுமார் 3 கோடி எழுத்து, அங்கே சுமார் 40 லட்சம். எல்லாம் சரிதான், ஆனால் படித்து முடித்தால் இரண்டுமே மனதில் நிற்கவில்லை. என்னைக் கேட்டால், சாப்பாடு குறைந்தால் எது என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கு.

உன் பூஞ்சை, பேனரோகீட் கிரைசோஸ்போரியத்தையே எடுத்துக்கொள். மரத்துக்குள் அதற்குச் சர்க்கரைப் பஞ்சமில்லை, செல்லுலோஸாக மலைபோல் கிடக்கிறது; நைட்ரஜன்தான் அரிது. அது தீர்ந்து வளர்ச்சி தடைப்படும்போதுதான் மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைக்கும் வேலையில் முழுமூச்சாக இறங்குகிறது. லிக்னின் செல்லுக்குள் இழுக்க முடியாத அளவு பெரிய, தாறுமாறான மூலக்கூறு, ஆகவே நொதிகளை வெளியே விட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு அங்கேயே உடைக்க வேண்டியிருக்கிறது. 1983இல் அந்த நொதிகளில் ஒன்று பிடிபட்ட பிறகுதான் இது தெளிவானது. இதில் வேடிக்கை, லிக்னினை மட்டும் கொடுத்தால் இந்தப் பூஞ்சை வளராது! அத்தனை பாடும் உள்ளே மாட்டியிருக்கும் செல்லுலோஸை எட்டத்தான். மரம் வெளுத்து நார் நாராகப் போவது இப்படித்தான்.

உன் பாக்டீரியா, காலோபாக்டர் கிரெசென்டஸ் வாழ்வதோ சத்து அதிகமில்லாத தண்ணீரில். பாஸ்பேட் குறைந்தால் அதன் ஒரு முனையில் மெல்லியதாக நீண்டிருக்கும் காம்பு உடலைப்போலப் பல மடங்கு நீள்கிறது. அந்தக் காம்பின் நுனியில் இருக்கும் பசை பிடித்தால் விடாது. இந்த பாக்டீரியா இரண்டு செல்லாகப் பிரியும்போது காம்புள்ளது இருந்த இடத்திலேயே இருக்கும், கசையிழையோடு (நீந்த உதவும் வால் போன்ற இழை) பிறந்தது நீந்திப் போய்விடும் (உடனே நம் வீட்டுக் கதையை இதில் நுழைக்காதே). நீந்திப் போகும் செல்லால் உடனே இரண்டாகப் பிரிய முடியாது. கசையிழையை உதிர்த்து, அதே முனையில் காம்பு வளர்க்கிற கட்டத்தில்தான் டி.என்.ஏ.வைப் படியெடுக்கவே தொடங்கும்.

அப்புறம், இரண்டையும் 'நுண்ணுயிர்' என்று ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறாய். பூஞ்சைக்கு பாக்டீரியாவைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம், அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடு. படத்திலும் ஒரு முனையில் காம்பு, மறுமுனையில் கசையிழை என்று வரைந்து வெறுமனே 'காலோபாக்டர்' என்று எழுதியிருக்கிறாய். அது பிரியப்போகிற செல், அப்படியே பெயர் போடு. திருத்தியதும் எனக்கு அனுப்பு.

அம்மா