காவேரிப்பட்டணத்து ஏட்டையாவுக்கு ஒரு கடிதம்: நான் படிக்கும் கொலைக் கதைகள் பற்றி

மதிப்பிற்குரிய ஏட்டையா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் கல்யாண மண்டபத்தில் பார்த்தபோது நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "எந்நேரமும் கொலைக் கதையாகவே படிக்கிறாயே, அதில் வரும் போலீஸ்காரர் எவராவது ஒரு கடிதத்துக்குப் பதில் வரவேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறாரா?" பந்திக்கு அழைத்துவிட்டதால் அங்கே பேச முடியவில்லை. நிலைய எழுத்தராக இருந்து முதல் தகவல் அறிக்கையும், சம்பவ இடத்தில் கண்டதைப் பதியும் மகஜரும், கேஸ் டைரியும் எழுதியே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர் கேட்ட கேள்வி அது. ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

காத்திருக்கிறார்கள், ஐயா. அப்படிக் காத்திருப்பவர்களின் கதைகளைத்தான் மாங்காய் சீசன் முடிந்து வேலை குறைந்ததிலிருந்து தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் முதலாவதாக உங்களுக்குச் சொல்ல வேண்டியது 'ரோஸன்னா'. மாய் ஷோவால், பெர் வாலூ என்ற ஸ்வீடன் நாட்டுத் தம்பதியர் 1965-இல் வெளியிட்ட நாவல் இது. குழந்தைகள் உறங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து, ஆளுக்கு ஓர் அத்தியாயமாக மாற்றி மாற்றி எழுதி, 1975 வரையிலான பத்தாண்டுகளில் பத்து நாவல்களை அவர்கள் எழுதி முடித்தார்கள். அந்த வரிசையில் முதல் நாவல் இதுதான்.

ஒரு கால்வாயைத் தூர்வாரும்போது சேற்றோடு ஓர் இளம்பெண்ணின் உடல் மேலே வருகிறது. ஆடை இல்லை, நகை இல்லை, காணவில்லை என்று புகார் கொடுத்தவரும் இல்லை. உள்ளூர் காவல் அதிகாரியும் தலைநகரிலிருந்து வரும் துப்பறியும் அதிகாரி மார்ட்டின் பெக்கும் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டு, அதன்பின் காத்திருக்கிறார்கள். அவ்வப்போது தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். இருவரிடமும் புதிதாகச் சொல்ல எதுவும் இருப்பதில்லை. கோடை கழிந்த பிறகு, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து வரும் ஒரு தந்தியில்தான் அவள் பெயர் தெரிகிறது. அங்கே ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவள் என்பதும் தெரிகிறது. கொன்றவன் யார் என்பதைப் பற்றி யோசிப்பதற்கே அதுவரை வழியில்லை. இறந்தவள் யார் என்று தெரியாமல் அந்த அதிகாரிகள் படும் வேதனைதான் நாவலின் முதல் பகுதி முழுவதும். அதைப் படிக்கும்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

பெயர் தெரிந்த பின்னும் வேலை விரைந்து நடப்பதில்லை. அவள் பயணம் செய்த படகில் வந்த சுற்றுலாப் பயணிகள் பல நாடுகளுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் எடுத்த புகைப்படங்களையும் சினிமாச் சுருள்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறார்கள். அப்படி வந்த ஒரு படச்சுருளை இருட்டறையில் ஓடவிடும்போது, அதுவரை பிணமாக மட்டுமே பார்த்திருந்த பெண் உயிரோடு நடமாடுவதை அந்த அதிகாரிகள் காண்கிறார்கள். யாரும் பெரிதாக எதுவும் பேசுவதில்லை. எழுதியவர்களும் அந்த இடத்தில் ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவளுடைய தோழியையும் நண்பனையும் நெப்ராஸ்காவில் விசாரித்த வாக்குமூலங்கள் கேள்வியும் பதிலுமாக அப்படியே நாவலில் இடம்பெறுகின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் சாட்சிகளை விசாரித்து நீங்கள் எழுதிக் குவித்த வாக்குமூலங்களை இலக்கியத்தில் சேர்க்கலாம் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு மனுஷியின் வாழ்க்கை அந்தக் கேள்வி பதில்களின் வழியாகவே நமக்குத் தெரியவருகிறது என்பதை இந்தப் புத்தகத்தில் கண்டேன்.

அடுத்தது ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மாட்சுமோட்டோவின் 'பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்'. 1957-இல் ஒரு சுற்றுலாப் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கிய கதை இது. தொடக்கப்பள்ளிப் படிப்போடு நிறுத்தப்பட்டு, நாளிதழ் அலுவலகத்தில் விளம்பரப் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவர், நாற்பது வயதை ஒட்டித்தான் எழுதவே தொடங்கினார். கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் விஷம் குடித்து அருகருகே இறந்து கிடக்கிறார்கள். காதலர்கள் தற்கொலை என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். உங்கள் காலத்து நம் ஊரானால் சந்தேக மரணம் என்று அதே சட்டத்தின் 174-ஆம் பிரிவில் வழக்குப் பதிந்து கோப்பை மூடியிருப்பார்கள். ஒரு வயதான துப்பறிவாளர் மட்டும், இறந்தவனின் பையில் இருந்த ரயில் உணவகச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதில் ஒரு நபர் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறது. காதலனோடு சாகப் புறப்பட்டவள், பசி இல்லாவிட்டாலும் அவனுக்குத் துணையாக உடன்போய் உட்கார்ந்து ஒரு வாய்த் தேநீராவது குடித்திருக்க மாட்டாளா என்று அவருக்குத் தோன்றுகிறது. வீட்டுக்குப் போய்த் தன் மகளிடமே, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்கிறார். இந்த ஒரு பக்கத்துக்காகவே அந்த நாவலை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம்.

நான் மாங்கூழ்த் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். பழ வண்டி லோடோடு எடைமேடையில் ஏறிய நேரமும், பழத்தை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்ப ஏறிய நேரமும் எடைச்சீட்டில் அச்சாகியிருக்கும். அந்த வண்டி நடுவில் எங்கே நின்றது, எதற்காக நின்றது என்பதை ஓட்டுநர் என்ன சொன்னாலும் சீட்டு வேறு கதை சொல்லும். அதனால்தானோ என்னவோ, மாட்சுமோட்டோவின் கதையில் ஒரு சீட்டும் ஒரு கால அட்டவணையும் பேசும்போது எனக்கு உடனே புரிந்துவிடுகிறது. டோக்கியோ நிலையத்தின் 13-ஆம் நடைமேடையிலிருந்து பார்த்தால், குறுக்கே ரயில் எதுவும் நிற்காமல் 15-ஆம் நடைமேடை கண்ணுக்குத் தெரிவது ஒரு மாலையில் நான்கே நிமிடம்தான். அந்த நான்கு நிமிடத்தின் மேல்தான் கதை முழுவதும் நிற்கிறது. ரயில் நிலையமே இல்லாத கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். ஒரு தாளில் ரயில் நேரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு படித்தால்தான் முழுச்சுவையும் கிடைக்கும்.

கெய்கோ ஹிகாஷினோவின் 'டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' நாவலையும் முடித்தேன். கொலை தொடக்கத்திலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது. அதை மறைக்கும் கணித ஆசிரியரின் அறிவுதான் கதை. மிக நேர்த்தியான நாவல், ஆனால் காவலர்களின் உழைப்புக்கு அதில் இடம் குறைவு. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து கலக்கும் பணியில் இருந்தவர் என்பதால் விஷத்தைப் பற்றி அவர் எழுதுவதில் பிழை இருப்பதில்லை. உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அறிக்கைக்காக நீங்கள் காத்திருந்த காலம் மட்டும் அவர் கதையில் இல்லை.

தமிழிலும் துப்பறியும் கதை நேற்று வந்ததல்ல. பண்டித நடேச சாஸ்திரி 1894-இலேயே தானவன் என்ற போலீஸ் நிபுணனைப் படைத்துவிட்டார். நம் வீடுகளில் மாத நாவல்கள் கைமாறிக் கைமாறி அட்டை கிழியும் வரை படிக்கப்பட்டன. ராஜேஷ்குமார் ஒருவரே 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். அந்தக் கதைகளில் வழக்கு விரைந்து முடிகிறது என்ற உங்கள் குறை உண்மைதான். ஓர் இதழுக்குள், குறித்த பக்கத்துக்குள் கொலையும் நடந்து கைதும் நடந்தாக வேண்டிய வடிவம் அது. அதற்காக அந்த எழுத்தாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என்னைப் போன்ற பலருக்குப் படிக்கும் பழக்கத்தையே கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ஆனால் எனக்கு ஓர் ஆசை உண்டு. சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை என்று நான்கு பக்கமும் சாலை பிரியும் ஊர் நம்முடையது. கர்நாடகமும் ஆந்திரமும் நம் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் அடையாளம் தெரியாத ஒரு பிரேதம் கிடந்தால், அது எந்த மாநிலத்துப் பிள்ளை என்று அறியவே எத்தனை நிலையங்களுக்கு எழுத வேண்டியிருந்தது என்பதை நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சட்டையின் காலரில் இருந்த தையல்காரர் முத்திரையை வைத்து ஊரைக் கண்டுபிடித்ததையும், அந்தத் தாய் வந்து சேர்வதற்குள் உடலை அடக்கம் செய்துவிட்டதையும் ஒருமுறை சொன்னீர்கள். கால்வாயில் கிடைத்த அந்தப் பெண்ணுக்கு ஸ்வீடனில் ஒரு நாவல் இருக்கிறது. நம் சாலையோரத்தில் கிடந்தவர்களுக்குத் தமிழில் அப்படி ஒரு நாவல் வரவேண்டும். எழுதுவதற்கு வேண்டிய அனைத்தும் உங்களைப் போன்றவர்களின் நினைவில் இருக்கிறது. நீங்கள் சொல்லச் சம்மதித்தால் உட்கார்ந்து எழுதிக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்போது அதே தம்பதியர் 1968-இல் எழுதிய 'த லாஃபிங் போலீஸ்மேன்' பாதியில் இருக்கிறது. மழை பெய்யும் இரவில் ஸ்டாக்ஹோமில் ஒரு பஸ்ஸுக்குள் இருந்தவர்களை யாரோ சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். இறந்தவர்களில் மார்ட்டின் பெக்கின் இளம் சக அதிகாரியும் ஒருவர். பணி நேரம் முடிந்த பிறகு அவர் அந்த பஸ்ஸில் ஏன் ஏறினார் என்பது நான் படித்த வரையில் எவருக்கும் விளங்கவில்லை. அதை முடித்ததும் 'ரோஸன்னா'வை எடுத்துக்கொண்டு காவேரிப்பட்டணம் வருகிறேன். நீங்கள் ஆங்கிலச் செய்தித்தாள் படிப்பவர் என்பதால் மொழிபெயர்ப்பு சிரமமாக இருக்காது. அந்த நெப்ராஸ்கா வாக்குமூலங்களை முதலில் படித்துப் பார்த்து, கேட்டிருக்க வேண்டிய கேள்வி எதையாவது அந்த அதிகாரி விட்டுவிட்டாரா என்று எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து உங்கள் தம்பி