சைவக்காரிக்கு வந்த புழு

ஆயர் ஈத்தாம், பினாங்கு.

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்யப்போகிறாயாமே! அதை நேரில் பேசுவோம்.

என் தம்பி மருமகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலிப்பு மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் மூளையில் இருப்பது பன்றி நாடாப்புழுவின் கட்டி என்று மருத்துவர் சொன்ன நாள் முதல் அவளுக்கு நிம்மதியில்லை. பிறந்தது முதல் சைவம் அவள். "மறைவாக எங்கே சாப்பிட்டாளோ" என்று உறவினரே பேசுகிறார்கள். கேட்கும்போது வயிறு எரிகிறது.

சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவருக்குக் குடலில்தான் புழு வளரும். மூளையில் கட்டி வருவது வேறு வழியில். புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கையாலோ கீரையாலோ ஒருவர் வாய்க்குள் போக வேண்டும். அதற்குச் சைவமென்ன, அசைவமென்ன? வேலூர் வட்டாரத்தில் நடந்த ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டியே காரணம் என்று தெரிந்தது. இவள் பிறந்து வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். முட்டை உள்ளே போய்ப் பல ஆண்டுகள் கழித்துக்கூட வலிப்பு தலைகாட்டலாம்.

இதைத் தேடிப் படித்தபோது நியூகினித் தீவின் மேற்குப் பகுதியில், பானியாய் ஏரிக்கரையில் வாழும் ஏகாரி மலைமக்களின் கதை கண்ணில் பட்டது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை, மணியம். 1970களின் தொடக்கத்தில் எனரோத்தாலி மருத்துவமனையில் 170 நோயாளிகளின் மலத்தைச் சோதித்தபோது 9 விழுக்காட்டில் நாடாப்புழு முட்டை இருந்தது. பாலித் தீவிலிருந்து கொண்டுவந்த பன்றிகளோடு புழுவும் மலையேறியது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அங்கே பன்றிதான் சொத்து, சீர், விருந்து எல்லாம். கழிவறை இல்லாத ஊரில் அது மனித மலத்தை மேயும். புழுவின் சுற்று அறுபடாது. மலைக்குளிருக்கு மக்கள் குடிசை நடுவே நெருப்பு மூட்டி அதைச் சுற்றிப் படுப்பார்கள். தூக்கத்தில் வலிப்பு வந்தவர் நினைவின்றி நெருப்பில் விழுவார். தீக்காயத்தோடு வருவோர் திடீரென்று பெருகிய பிறகுதான் காரணம் புலப்பட்டது. அதற்குள் எத்தனை பேருக்குக் கையும் காலும் வெந்திருக்கும்!

அவர்களுக்காவது சொல்ல ஆளில்லை. நம்மவர்கள் மருத்துவர் சொல்லியும் அவள் இலையில் என்ன இருந்தது என்றே துருவுகிறார்கள். நேற்று தம்பி வீட்டுக்குப் போய் எல்லாரையும் உட்காரவைத்து இவ்வளவையும் சொன்னேன். வீட்டார் அனைவரும் மலச்சோதனை செய்ய வேண்டும் என்றதும் தம்பி மனைவி முகம் சுளித்தாள். முதல் ஆளாக நானே செய்துகொள்கிறேன் என்றேன். திங்கட்கிழமை எல்லாரும் போகிறோம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவாய் அல்லவா? வரும்போது அவளிடம் நீயும் நாலு வார்த்தை பேசு. உன் பேச்சைத் தம்பி கேட்பான்.

அன்புடன்,
ராமு