பெயிண்ட் போதாது, தண்ணீருக்கடியில் தகட்டின் கனத்தை அளந்து பாருங்கள்

எங்கள் படகுத்துறையைப் பராமரிக்கும் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகர்ப் பக்கம் படகுகளுக்கு வெல்டிங் வேலை பார்ப்பவன் நான். துறையைத் தாங்கும் இரும்புத் தகட்டுச் சுவர் அரிப்பது பற்றிய எங்கள் மனுக்கள் உங்களிடம் இருப்பதால் பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை.

போன வாரம் அந்தச் சுவருக்கு மறுபடியும் பெயிண்ட் அடித்தார்கள், தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகத்துக்கு மட்டும்.

துறையின் ஓரம் உள்வாங்கியதிலிருந்து ஐஸ் வண்டியை உள்ளே விடுவதில்லை. பெண்கள்தான் ஐஸை அன்னக்கூடையில் அள்ளித் தலையில் சுமக்கிறார்கள். உருகும் தண்ணீர் முதுகெல்லாம் வழிகிறது. படகுக்கு வந்து சேர்வதற்குள் பாதி ஐஸ் போய்விடுகிறது. மீன் இளகிவிட்டது என்று ஏலத்தில் விலையைக் குறைக்கிறார்கள். வலித்த கழுத்துக்கும் கூலி கிடையாது, மீனுக்கும் விலை கிடையாது.

அரிப்பு இருப்பது பெயிண்ட் அடித்த இடத்தில் இல்லை ஐயா. தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தில் வாருங்கள். வற்றிய நீர்மட்டத்தை ஒட்டித் தகட்டில் ஆரஞ்சு நிறப் பொருக்கு இருக்கும். உளியால் தட்டினால் அடியில் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். துடைத்தால் இரும்பு பளபளவென்று குழிகுழியாகத் தெரியும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. பொருக்குக்கு அடியில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடாக்குகிறது. அது இரும்போடு சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு. வழக்கமாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் கரையும் இரும்பு, இப்படிப் பிடித்துவிட்டால் 0.5 மில்லிமீட்டருக்கு மேலும் போகும்.

இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கிற ஜிங்க் கட்டி பொருத்திய இரும்பில் கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளைப் படலமாகப் படிந்து ஆக்சிஜனைத் தடுக்கின்றன. ஜிங்க்கும் மெல்லத்தான் கரைகிறது. காப்பில்லாத தகட்டிலோ ஒட்டி வளரும் கொட்டலசும் பொருக்கும் பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்கின்றன. ஆகவே தகட்டின் கனத்தைத் தண்ணீருக்கடியில் அளந்து பாருங்கள் என்கிறோம்.

புதுச்சேரியில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் விழுந்ததே, அதைப் பார்த்த பிறகுமா இந்த மெத்தனம்? திறப்பு விழாவுக்குக் கிடைக்கிற பணம் பராமரிப்புக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? எங்கள் துறையில் விழப்போவது கல்லும் இரும்பும் மட்டுமல்ல, கூடையோடு நிற்கிற பெண்களும்தான்.

இப்போதும் பணிவாகவே கேட்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டை அளந்து, முடிவை ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள். கனம் குறைந்த இடங்களில் தகடு வைத்துப் பற்றவைத்து, ஜிங்க் கட்டி பொருத்துங்கள். பொருக்கைச் சுரண்டிக் காட்ட உளியோடு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
துறையை நம்பிப் பிழைக்கும் ஒரு வெல்டர்