தானே சாத்திக்கொள்ளும் அலமாரி

அன்புள்ள சேகர்,

உன் அப்பாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு. உன்னைவிட அவருக்குத்தான் புரியும்.

போன மாதம் ஷாங்காய் அருங்காட்சியகத்தில் சீனாவின் மிங் அரச வம்சக் காலத்து அலமாரி ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். கீழே அகலம், மேலே போகப்போகச் சற்றே குறுகல். கீல் கிடையாது; நம் பழைய வீட்டுக் கதவு மாதிரியே மேலும் கீழும் குடுமி, அதாவது நீட்டிய முளை, வைத்துக் குழியில் சுழல்கிறது. ஆணியும் இல்லை. கதவுப் பலகையைச் சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், இறுக்காமல் செருகிவிட்டிருக்கிறார்கள். மழைக்கு உப்பவும் குளிருக்குச் சுருங்கவும் மரத்துக்கு இடம் வேண்டுமே!

இதெல்லாம் தெற்கே சூச்சோ நகரப் பக்கத்து நேர்த்தி. 1567இல் கடல் வணிகத் தடை தளர்ந்தபின் தென்கிழக்காசியாவிலிருந்து கெட்டி மரங்கள் தாராளமாக வந்தன. ரேகை அழகாக இருந்ததால் அதை மறைக்கும் பூச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

வடக்கே ஷான்சி மாகாணத்தில் கதை வேறு. அங்கே உள்ளூர் எல்ம் மரம்தான். அதன் மேல் ஒரு மரத்துப் பாலைப் பல தடவை பூசிக் கறுப்பும் சிவப்புமாக்கி, நடுவில் நிலா போல வட்டப் பித்தளைத் தகடு அடிப்பார்கள். பிங்யாவ் ஊரில் அந்தப் பூச்சை உள்ளங்கையால் தேய்த்தே பளபளக்க வைப்பார்களாம். 1823வாக்கிலேயே உண்டியல் கடை வைத்துச் சீனா முழுக்கப் பணம் அனுப்பிய வணிகர்களின் ஊர் அது. பகட்டு இருக்கத்தானே செய்யும்? குளிர்காலத்தில் அடியில் சூடேற்றிய செங்கல் மேடையிலேயே குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்கும். அதனால் அதன் மேல் வைக்கக் குட்டையான அலமாரிகளும் செய்தார்கள்.

அப்புறம் ஒரு பழம்பொருள் கடைக்குப் போனேன். இருநூறு வருஷம் பழசு என்று ஒரு சிவப்புக் கல்யாண அலமாரியைக் காட்டினார் கடைக்காரர். 'முதலில் முதுகைப் பார்' என்று அப்பா சொல்வாரே, பார்த்தேன். இயந்திர ரம்பத்தின் வளைந்த கோடுகள்! சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆனால் அதே கடை மூலையில் குறுகலான குடுமி அலமாரி ஒன்று நின்றது. கதவைப் பாதி திறந்து விட்டேன். நிலை உள்பக்கம் சாய்ந்திருப்பதால் தன் எடையிலேயே மெல்ல வந்து சாத்திக்கொண்டது. நாலைந்து தடவை திறந்து திறந்து பார்த்தேன், கடைக்காரர் முறைக்கும் வரை.

உங்கள் வீட்டுக் கொல்லைக்கதவும் இப்படித்தானே தானாகச் சாத்திக்கொள்ளும்? தாத்தா வைத்த நிலை கோணல் என்று அப்பா திட்டுவார். உண்மையிலேயே கோணலா, இல்லை தாத்தா தெரிந்தேதான் வைத்தாரா? கேட்டு எழுது.

அன்புடன்,
முரளி